இரண்டு சின்ன விசில்

ராஜரத்தினம் மேஸ்திரி குளிக்கும்போதுகூட விசிலைக் கழற்றமாட்டார். கறுப்புக் கயிற்றில் கோத்த அந்தப் பித்தளை விசில், சட்டைக்கு உள்ளே நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும். "எனக்குத் தாலி, அவருக்கு விசிலு. எங்க கல்யாணத்துல ரெண்டு பேருக்கும் கழுத்துல கயிறு ஏறிருச்சு" என்று அவர் மனைவி தனபாக்கியம் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். அவரும் சிரிப்பார். அதில் கேலி இருப்பது அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

இலங்கையில் அட்டன் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பிறந்தவர். அங்கே கங்காணி ஊதிய விசிலுக்கு அம்மா கொழுந்துக் கூடையோடு ஓடியதைப் பார்த்து வளர்ந்தவர். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் பேர் வந்து, கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, ஒரு தகரப் பெட்டியோடு குன்னூர் மலையில் வந்து இறங்கியபோது அந்த இளவட்டத்துக்கு இருந்தது ஒரே ஆசைதான். விசிலுக்கு ஓடுகிறவனாக இருக்கக் கூடாது, ஊதுகிறவனாக இருக்க வேண்டும். மலைச்சரிவில் மருந்தடித்து, கவாத்து வெட்டி, துரைமார் முன்னால் தொப்பியைக் கழற்றிக் கழற்றி அந்த ஆசை ஒருநாள் நிறைவேறியது. கீழ் டிவிஷனில் கொழுந்தெடுக்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் மேஸ்திரி ஆனார். தனபாக்கியமும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. வீட்டில் அவர் பேச்சை அவள் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. மலையில் மட்டும் விசிலுக்குக் கட்டுப்படுவாள்.

அவருடைய விசிலுக்கு இலக்கணம் உண்டு. இரண்டு சின்ன விசில் ஊதினால் இந்தச் செடிவரிசையை, இந்த நிரையை விட்டு மேல் நிரைக்கு ஏற வேண்டும். ஒரு நீள விசில் என்றால் மடியில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு, எடைபோடும் நிறுவைக்கு இறங்க வேண்டும். மேல் டிவிஷன் மேஸ்திரி இருளப்பனும் இதே கணக்கில்தான் ஊதுவார். இருளப்பன் தேனிப் பக்கத்து ஆள். ஆனாலும் தன் விசிலில் இருக்கும் கம்பீரம் இருளப்பனுடையதில் இல்லை என்று ராஜரத்தினம் மனதார நம்பினார்.

தேயிலை விலை விழுந்த காலம் அது. பச்சைக் கொழுந்து விலையைக் கேட்டால் வயிறு எரியும். கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகள் கொழுந்தை ரோட்டில் கொட்டிவிட்டுப் போனார்கள். எஸ்டேட் ஃபாக்டரியில் புகை வருகிற நாளை எல்லோரும் திருவிழா மாதிரி அண்ணாந்து பார்த்தார்கள். எஸ்டேட்டின் பழைய மைதானத்துக்கு மேலே இருக்கிற சரிவில் கொழுந்தெடுக்கவே வேண்டாம், எடுக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று சொல்லிச் சாத்திவிட்டார்கள். அந்தச் செடிகள் ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகளைப் போல் தலையை விரித்துக்கொண்டு வளர்ந்து நின்றன. போகும்போதும் வரும்போதும் பெண்கள் அதைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள்.

இந்த நேரத்தில் முதலாளிக்கு ஒரு யோசனை பிறந்தது. கோயம்புத்தூரில் ஏசி அறையில் இருக்கிறவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட யோசனைகள் பிறக்கும். ஐந்து நாடுகள் கலந்துகொள்ளும் சர்வதேச ஆண்கள் ஹேண்ட்பால் சாம்பியன்ஷிப் ஊட்டியில் நடக்க இருந்தது. முதலாளி அதன் வரவேற்புக் குழுத் தலைவர் ஆகிவிட்டார். பணம் கொடுத்தார், பதிலுக்கு ஒன்று கேட்டார். இறுதிப் போட்டி மட்டும் தன் எஸ்டேட் மைதானத்தில் நடக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் ஃபுட்பால் ஆடிய அந்தக் குழியில் சிமெண்ட் ஊற்றித் தளம் போட்டார். பின்னால் பச்சை மலை, முன்னால் வெளிநாட்டுக்காரர்கள், நடுவில் எஸ்டேட் பெயர் எழுதிய பேனர். இதை உலகமே பார்க்கும், தேயிலை விலை தானாக ஏறும் என்பது அவர் கணக்கு. கடைசியில் பார்க்க வந்தது குன்னூர் கேபிள் டிவிக்காரர் ஒருவர்தான்.

மைதானம் தயார். பார்க்க ஆள்தான் இல்லை. ஹேண்ட்பால் என்றால் என்னவென்று குன்னூரில் யாருக்கும் தெரியாது. அதற்கும் வழி கண்டுபிடித்தவர் மேனேஜர் சசிதரன். கோயம்புத்தூர் மரியாதை மாறாத மனிதர். கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார். பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்தில், விஷயத்தைச் சொன்னார். இறுதிப் போட்டியன்று கொழுந்து வேலை கிடையாது. எல்லோரும் மைதானத்துச் சரிவில் செடிகளுக்கு நடுவே நின்று கைதட்ட வேண்டும். அதுவே அன்றைய வேலை, அதற்கே அன்றைய பேர் விழும், கூலியும் உண்டு. இறுதிக்கு வந்திருப்பது இந்தியாவும் இலங்கையும். மேல் டிவிஷன் இந்தியாவுக்குத் தட்ட வேண்டும்.

"கீழ் டிவிஷன் ஸ்ரீலங்காவுக்குத் தட்டட்டுமுங்க. நீங்கெல்லாம் அந்த ஊர்தானுங்களே" என்றார்.

தனபாக்கியம் பக்கத்தில் நின்ற மரகதத்திடம் மெல்லச் சொன்னாள். மெல்ல என்றால் களம் முழுக்கக் கேட்கும்.

"அங்கிட்டு இருந்தப்ப இந்தியாக்காரின்னு கப்பலேத்தி விட்டானுங்க. இங்கிட்டு வந்தா சிலோன்காரின்னு கூப்புடுறானுங்க. இப்ப கையில கொடியக் குடுத்து முடிவே பண்ணிட்டானுங்க."

பெண்கள் சிரித்தார்கள். ராஜரத்தினம் சிரிக்கவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தைய நாள் சசிதரன் இரண்டு மேஸ்திரிகளையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்திருந்தார். உட்காரச் சொன்னபோதே ஏதோ கெட்ட சேதி என்று இருளப்பனுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏனுங்க மேஸ்திரி, விலை இப்படிக் கெடக்குதுங்க. ரெண்டு மேஸ்திரி வெச்சுத் தாங்காது, ஒருத்தர் போதும்னு மொதலாளி சொல்லிப்போட்டார். யாருன்னு நான் சொல்ல மாட்டேனுங்க. மேட்ச் அன்னிக்கு எந்த டிவிஷன் நல்லாக் கை தட்டுதோ அந்த மேஸ்திரி இருக்கட்டும். இன்னொருத்தர் படங்கு கட்டிக்கட்டும்."

படங்கு என்பது கொழுந்தெடுக்கிறவர்கள் இடுப்பில் மடியாகச் சுற்றிக்கொள்ளும் சாக்கு. அதைக் கட்டினால் நிரையில் இறங்க வேண்டும், யாரோ ஊதும் விசிலுக்கு ஏற வேண்டும். ராஜரத்தினம் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். ஒரு மனிதன் இருபது வருஷமாகச் சேர்த்த மரியாதையை ஒரு கைதட்டலில் வைத்துப் பந்தயம் கட்டுகிறார்களே என்று கோபம் வந்தது. வாயில் வந்தது வேறு.

"எங்களுக்கு ஏலாத வேலையா தொரை? பாத்துக்கிட்டே இருங்க" என்றார்.

ஒத்திகை நடந்தது. சசிதரன் ஹேண்ட்பால் விதிகளை எங்கிருந்தோ வாங்கிப் படித்திருந்தார். கோல் விழுந்தால் நடுவர் இரண்டு சின்ன விசில் ஊதுவார், அதைக் கேட்டதும் கைதட்ட வேண்டும் என்றார். இரண்டு சின்ன விசிலா? ராஜரத்தினம் இருளப்பனைப் பார்த்தார். இருளப்பன் இவரைப் பார்த்தார். அந்த எஸ்டேட்டில் இரண்டு சின்ன விசிலுக்கு என்ன பொருள் என்று அங்கிருந்த ஒவ்வொரு பெண்ணின் முழங்காலுக்கும் தெரியும். ஆனால் மேனேஜர் பேச்சைத் திருத்துகிறவனுக்குத்தான் படங்கு கிடைக்கும் என்று இரண்டு பேருக்குமே தோன்றியது. அதனால் இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. பெரட்டுக்களத்தில் தேயிலைச் செடி ஏது, நிரைதான் ஏது? மேஸ்திரிகள் ஊத, பெண்கள் தட்டினார்கள். ஒத்திகை அமோகமாக நடந்தது.

"மேல் டிவிஷன் தட்டுனதுல மலையே ஆடிப்போச்சுல்ல?" என்று இருளப்பன் வழியில் சீண்டினார்.

"ஆடுனது மலையில்லப்பா, ஒன் தொடை" என்றார் ராஜரத்தினம். அன்று அவர் சொன்ன ஒரே நல்ல பதில் அது.

போட்டி நாள் வந்தது. பெண்களுக்கு எஸ்டேட் பெயர் அச்சடித்த காகிதத் தொப்பியும் காகிதக் கொடியும் கொடுத்துச் சரிவில் ஏற்றினார்கள். இடப்பக்கம் கீழ் டிவிஷன், வலப்பக்கம் மேல் டிவிஷன். விளையாட்டுத் தொடங்கப் போகும்போது சசிதரன் ஓடி வந்தார். நடுவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம். மைதானத்தைச் சுற்றி வேறு எந்த விசில் சத்தமும் கேட்கக் கூடாது.

"கழட்டிக் குடுத்துருங்க மேஸ்திரி. முடிஞ்சதும் தந்தர்றேனுங்க" என்று கையை நீட்டினார்.

ராஜரத்தினம் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினார். நெஞ்சில் அது கிடந்த இடத்தில் பனிக்காற்று வந்து தொட்டது. சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். அம்மணமாக நிற்பதுபோல் இருந்தது அவருக்கு.

ஆட்டம் ஆரம்பித்தது. பக்கத்துக்கு ஏழு பேராகப் பதினாலு ஆண்கள் ஒரு சின்னப் பந்துக்கு மூச்சிரைக்க ஓடினார்கள், துள்ளினார்கள், எறிந்தார்கள். கோல்கம்பத்துக்கு நடுவில் ஒருவர் கையையும் காலையும் விரித்துக்கொண்டு தவளை மாதிரி நின்றார். "தேங்கா சைசு பந்துக்கு இம்புட்டு ஆம்பளைங்களா!" என்றாள் மரகதம். முதல் கோல் விழுந்தது. இரண்டு சின்ன விசில். சரிவு முழுக்கக் கைதட்டல். கீழே முதலாளி திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். ராஜரத்தினத்துக்கு உயிர் வந்தது.

அதற்குப் பிறகு அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, பெண்களையும் பார்க்கவில்லை. நடுவர்களையே பார்த்தார். என்ன மனிதர்கள்! ஒரு விசிலுக்கு மலை மாதிரி ஆட்கள் நின்ற இடத்தில் நிற்கிறார்கள். விரலை நீட்டினால் ஒருவன் வெளியே போய் இரண்டு நிமிஷம் உட்காருகிறான். இதை எஸ்டேட்டிலும் கொண்டுவந்தால் என்ன என்று யோசித்தார். தனபாக்கியத்தை அப்படி உட்கார வைப்பதுபோல் நினைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. நடுவர்கள் இரண்டு பேர்! பதினாலு ஆட்களுக்கு இரண்டு மேஸ்திரி! உலகம் முழுக்க இதுதான் வழக்கம் என்றால், இவ்வளவு பெரிய எஸ்டேட்டுக்கு ஒருவன் போதும் என்று எப்படிச் சொல்லலாம்? திங்கட்கிழமை மேனேஜரிடம் இதைப் போட்டு உடைக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார். தான் பிழைத்தால் இருளப்பனும் பிழைத்துப் போகட்டும் என்கிற பெருந்தன்மைகூட அவருக்கு வந்தது.

அவர் இப்படி நியாயம் சேர்த்துக்கொண்டிருந்தபோது மலையில் வேறு காரியம் நடந்தது. இடைவேளைக்குப் பிறகு மஞ்சு பனிமூட்டமாக இறங்கிவிட்டது. தூறலும் பிடித்தது. சும்மா நின்ற பெண்களுக்குக் கைகால் விறைத்தது. தனபாக்கியத்தின் மூக்கு நுனியில் முற்றிப்போகிற ஒரு கொழுந்து இடித்துக்கொண்டே இருந்தது. அவள் அதைக் கிள்ளினாள். பக்கத்தில் இன்னொன்று நின்றது. அதையும் கிள்ளினாள்.

"கைதட்டச் சொல்லியிருக்கு தனபாக்கியம்" என்றாள் மரகதம்.

"கண்ணு முன்னால கொழுந்து கெட்டுப் போவுது. பாத்துக்கிட்டு எவனுக்கோ கைதட்ட என்னால ஏலாதுடி."

அவள் முந்தானையை மடியாகச் சுற்றிக்கொண்டாள். மரகதமும் சுற்றிக்கொண்டாள். பிறகு நிரை முழுக்க. எத்தனையோ நாளாகச் சாத்திக் கிடந்த மலை அது. அந்தக் கைகளுக்கும் அந்தச் செடிகளுக்கும் நடுவில் மேனேஜரின் விதிப் புத்தகம் எம்மாத்திரம்? அடுத்த கோல் விழுந்தபோது தட்டுவதற்கு ஒரு கைகூடக் காலியாக இல்லை. இரண்டு சின்ன விசில் மட்டும் கேட்டது. முழங்கால்கள் தம் வேலையைப் பார்த்தன. மொத்த நிரையும் ஒரு படி மேலே ஏறியது.

ஹேண்ட்பாலில் கோலுக்குப் பஞ்சமே இல்லை. வலப்பக்கத்தில் மேல் டிவிஷனும் குனிந்துவிட்டது. இந்தியா ஒன்று போட்டால் இரண்டு டிவிஷனும் ஒரு நிரை ஏறும். இலங்கை ஒன்று போட்டாலும் ஏறும். இப்படிப் பாரபட்சம் இல்லாத ரசிகர்கள் எந்த நாட்டுக்கும் கிடைத்திருக்கமாட்டார்கள். ராஜரத்தினம் நடுவர் மயக்கத்திலிருந்து விழித்துத் திரும்பியபோது அவருக்குப் பின்னால் காகிதக் கொடிகள் குத்திவைத்த செடிகள் மட்டும் நின்றன. ரசிகர்கள் மஞ்சுக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு மலையுச்சிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

கை தன்னால் நெஞ்சுக்குப் போனது. அங்கே விசில் இல்லை. "ஏய், எறங்குங்க! தட்டுங்க!" என்று கத்தினார். வாயால் கத்தி அவருக்குப் பழக்கமே இல்லை, குரல் பாதியில் உடைந்தது. வலப்பக்கத்தில் இருளப்பன் துண்டை ஆட்டிக்கொண்டு ஓடுவது தெரிந்தது. இவரும் ஓடினார். வழுக்கி விழுந்து எழுந்து ஓடினார். கீழே ஒரு கோல் விழுந்தது. பெண்கள் இன்னும் ஒரு நிரை தள்ளிப் போனார்கள்.

கடைசியில் ஒரு நீள விசில் கேட்டது. ஆட்டம் முடிந்தது. மலையில் அதற்குப் பொருள் நிறுவை. காகிதத் தொப்பியும் நிறைந்த மடியுமாகப் பெண்கள் மஞ்சைக் கிழித்துக்கொண்டு இறங்கினார்கள், மைதானத்துக்குள் வந்தார்கள், வரிசை கட்டினார்கள். தராசைத் தேடினார்கள். அங்கே இருந்த ஒரே மேசையில் கோப்பை இருந்தது. தனபாக்கியம் அதை ஓரமாக நகர்த்திவிட்டு மடியை அவிழ்த்துக் கொட்டினாள். கொழுந்து தலைமை விருந்தினர் மடியிலும் கொஞ்சம் விழுந்தது.

சசிதரன் முகம் செத்துப்போனது. ஆனால் வீரர்கள் இதைக் கலைநிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள். கேமராவை எடுத்தார்கள். பிறகு இரண்டு அணியும் சேர்ந்து நின்று பெண்களுக்குக் கைதட்டியது. கைதட்ட வந்தவர்களுக்குக் கிடைத்த கைதட்டலைப் பார்த்து முதலாளி, தான் ஏற்பாடு செய்ததுபோலவே சிரித்தார். நடுவர் ஒருவர் நெகிழ்ந்துபோய்த் தன் விசிலை நினைவுப் பரிசாக மேனேஜர் கையில் வைத்தார். யார் ஜெயித்தார்கள் என்பதில் மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை.

திங்கட்கிழமை ராஜரத்தினம் ஆபீசுக்குப் போனார். இருளப்பன் முன்பே வந்து நின்றார். ராஜரத்தினம் தயாராக வைத்திருந்ததை எடுத்துவிட்டார்.

"தொரை, அங்க பதினாலு பேருக்கு ரெண்டு பேரு விசிலு ஊதுனாங்க. நாமதான் பாத்தமே. இங்க இத்தன பொம்பளைங்களுக்கு ஒத்த ஆளு எப்புடி?"

"உட்காருங்க மேஸ்திரி" என்றார் சசிதரன். அதைக் கேட்டதுமே இருளப்பன் கண்ணை மூடிக்கொண்டார். "அங்க ஆடறவங்க சொன்னபடி கேக்க மாட்டாங்க. அதனால ரெண்டு பேர் வேணுமுங்க. நம்ம பொம்பளைங்க அப்படியா? எந்த நாட்டுக்காரன் ஊதுனாலும் நெரை மாறுறாங்க, நிறுவைக்கு எறங்கறாங்க. அவ்வளவு நல்லாப் பழக்கி வெச்சிருக்கீங்க. பழக்குன பொறவு தனியா ஆளு எதுக்குங்க? ரோட்டுல ஜீப்பை நிறுத்தி நானே ஊதிக்கறேன்."

ராஜரத்தினத்துக்கு அழுகை வந்துவிட்டது. இருபது வருஷ உழைப்பை இதைவிட உயர்வாக யாரும் பாராட்டியதில்லை. அந்தப் பாராட்டிலேயே வேலை போய்விட்டது.

மறுநாள் இரண்டு பேரும் படங்கு கட்டினார்கள். இடுப்பில் சாக்கோடு ராஜரத்தினம் நிரையில் தனபாக்கியத்துக்குப் பக்கத்தில் நின்றார். கொழுந்து கிள்ளிப் பழக்கமில்லை. கொழுந்தோடு முற்றின இலையையும் சேர்த்துப் பிய்த்தார். அவள் எட்டி, அவர் படங்கிலிருந்து அந்த இலைகளைப் பொறுக்கி எறிந்தாள்.

கீழே ரோட்டில் ஜீப் வந்து நின்றது. சசிதரன் இறங்கி, நடுவர் கொடுத்த விசிலை வாயில் வைத்து இரண்டு சின்ன விசில் ஊதினார்.

தனபாக்கியம் நிமிர்ந்தாள். கையில் இருந்ததைப் படங்கில் போட்டாள். கைதட்டினாள். மரகதம் தட்டினாள். அடுத்த நொடி மலை முழுக்கக் கைதட்டல். சசிதரன் மறுபடி ஊதினார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். "நெரை மாறுங்க!" என்று அவர் கத்தினார். "கோலு விழுந்தா தட்டணுமுன்னு நீங்கதானே தொரை சொல்லிக் குடுத்தீங்க!" என்று தனபாக்கியம் கையைக் குவித்துக் கீழே குரல் கொடுத்தாள். சொல்லிக்கொடுத்ததைச் செய்ததற்கு யாருக்கு சார்ஜ் ஷீட் கொடுப்பது? அவர் ஊத ஊத அவர்கள் தட்டினார்கள்.

அந்த மலையில் விசிலுக்குக் கீழ்ப்படிந்து மேல் நிரைக்கு ஏறியது ஒரே ஓர் ஆள்தான். ஏறியபிறகுதான் ராஜரத்தினத்துக்கு அது உறைத்தது. மேலே தனியாக நின்றார். கீழே மனைவி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறங்கி வாங்க இங்கிட்டு" என்றாள். "வந்து தட்டுங்க."

அவர் இறங்கி வந்தார். வெட்கத்தோடு ஒரு தட்டுத் தட்டினார். பிறகு நன்றாகவே தட்டினார்.

அந்த வாரம் முடிவதற்குள் ஆபீஸ் மேசை டிராயரிலிருந்து மேஸ்திரிகளின் இரண்டு விசில்களும் திரும்பி வந்தன. தான் இல்லாமல் மேனேஜரால் மலையைக் கட்டி மேய்க்க முடியவில்லை என்று ராஜரத்தினம் டீக்கடையில் சொல்லிக்கொண்டார். கேட்டவர்கள் மறுக்கவில்லை. ஆனால் இப்போது அவர் இரண்டு சின்ன விசில் ஊதினால் பெண்கள் யாரும் உடனே நகர்வதில்லை. எல்லோரும் தனபாக்கியத்தைப் பார்ப்பார்கள். அவள் மடியைச் சரிசெய்துகொண்டு, ஆற அமர ஒரு காலை எடுத்து மேலே வைப்பாள். அதுவரை விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு மேஸ்திரியும் அவளைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்.